ஒன்பதே முக்கால் விசை

நோட்டில் அதற்குப் பேர் கிடையாது,
பதினேழு என்றுதான் எழுத வேண்டும்.
தட்டோன் மாரியம்மன் கோயில் இளைஞர் மன்றம்
இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு குட்டி கொடுத்தது,
கூடவே ஆளுக்கொரு நோட்டு, கோடு போட்டு:
தேதி, தின்றது, செலவு, நோய், எடை.
பத்து விசை தொட்டதும் விற்றுவிட வேண்டும்.
முதலைக் கட்டிவிட்டால் மிச்சம் நமக்கு.

திஞ்சான் தண்ணீர் காயாத சட்டையோடு
தூக்கி வந்த அன்று இரண்டே கால் விசை.
அப்பா விசை என்பார், பள்ளியில் பெய்தா என்பார்கள்,
என் தோளில் அது ஒரே கனம்தான்.

ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசை மாங்கிளையில் கட்டி,
அரிசிச் சாக்கில் நாலு ஓட்டை போட்டு,
கால்களை வெளியே விட்டுத் தொங்கவிடுவோம்.
தம்பி தெய்வா முள்ளைப் பார்ப்பான்.
அது என் கன்னத்துத் தனக்காவை நக்கப் பார்க்கும்.
நக்கினால் முள் ஆடும்.
மறுபடியும் முதலிலிருந்து.

ஆடியில் பதினெட்டு நாள் மழை விடவில்லை.
குளம்பிடுக்கு அழுகி
ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றது.
நோய்: முன்னங்கால், இடது.
செலவு: மருந்துப் பொடி, இரண்டாயிரம் கியாட்.
தின்றது: பலா இலை அரைக்கட்டு, தவிடு ஒரு பிடி,
என் பாவாடை ஓரம் ஒரு சாண்.
மன்றத்துச் செயலாளர் பரந்தாமன் அண்ணன்
பாவாடையை மட்டும் சிவப்பு மையில் அடித்தார்.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு ஒன்பதே முக்கால்.
அடுத்த ஞாயிறு முள் பத்தைத் தாண்டிப் போய் நின்றது.
தெய்வா பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
ஒன்பதே முக்கால் என்று எழுதினேன்.
அதற்கடுத்த ஞாயிறும் அதையேதான்.
பனைவெல்லம் நாலு உருண்டை வாங்கிக்கொண்டு
தம்பி வாயை மூடிக்கொண்டான்.
வாய்க்குள் வெல்லம் இருந்தது, வேறென்ன செய்வான்.

ஆனால் தின்றதை மாற்றத் தோன்றவில்லை எனக்கு.
இலை ஒரு கட்டு, ஒன்றரை, இரண்டு.
தவிடு ஒரு டின், எள்ளுப் பிண்ணாக்கு வேறு.

மார்கழியில் கால்நடை டாக்டர் டோ சான் யி வந்தார்.
என் நோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.
இரை ஏறுகிறது, எடை ஏறவில்லை,
வயிற்றில் புழு என்றார்.
தராசை யாரும் கேட்கவில்லை.
என் கையெழுத்து அவ்வளவு சுத்தம்.
இருபத்திரண்டு நோட்டில்
இதுதான் நம்பும்படி இருக்கிறது என்று
பர்மியத்தில் புகழ்ந்தார்.

வாயைப் பிளந்து பிடித்தது நான்.
வெள்ளை மருந்து பாதி உள்ளே, பாதி என் கையில்.
அன்று ராத்திரி முழுக்க இருமியது.
மூன்று நாள் கழிந்தது, நீர் நீராக.
பலா இலையை மூக்கருகே கொண்டுபோனால்
முகத்தைத் திருப்பிக்கொண்டது,
இலையிடமிருந்தா, என்னிடமிருந்தா தெரியவில்லை.

ஞாயிறு வந்தது.
சாக்கில் போட்டபோது துள்ளவில்லை,
தனக்காவைத் தேடவில்லை.
அதனால் முள் சீக்கிரமே நின்றது.
தெய்வா பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.
நீயே வந்து பாரு அக்கா என்றான்.

ஒன்பதே முக்கால்.

எழுதினேன்.
நிஜத்தை எழுதும்போது கை நடுங்கியது அன்றுதான்.

பத்தாம் நாள் இன்னொரு வேளை என்று சீட்டில் இருந்தது.
குப்பியைக் குலுக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிச்சம்.
பழைய இரண்டு வரியையும் அடித்தேன்.
பக்கத்தில், பத்தே கால்.
அதன் கீழே, பத்தரை.
நோய் என்ற கட்டத்தில் புழுவை அடித்துவிட்டு
இல்லை என்று எழுதினேன்,
இடம் மிச்சமிருந்தது,
பொய் எழுதினது நான், அது தின்றது நிஜம்
என்றும் எழுதினேன்.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ரயில் பாதை ஓரமாக மன்றத்துக்கு நடந்தேன்.
தேறினதும் விற்கச் சொல்வார்கள்.
பதினேழு பின்னாலேயே வந்தது,
அங்கங்கே நின்று, புல்லை முகர்ந்து,
ஒரே ஒரு வாய் கடித்து.
அதை எந்தத் தேதியில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.